வெள்ளி மை அச்சில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

“அச்சிட்ட கோடு மின்சாரம் கடத்தவில்லை” என்று யாராவது என் மேசைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: துளியைப் பார்த்தீர்களா, கோட்டைப் பார்த்தீர்களா, அல்லது மீட்டரை மட்டும் பார்த்தீர்களா? பெரும்பாலும் மீட்டரை மட்டுமே பார்த்திருப்பார்கள். அப்புறம் மை சரியில்லை என்று முடிவுகட்டிப் புதுப் புட்டிக்கு விண்ணப்பம் எழுதிவிடுவார்கள். மின்சுற்றுக் கோடுகளை அச்சிட உதவும் வெள்ளி நானோத்துகள் மை விலை அதிகம். வந்து சேரவும் வாரக்கணக்காகும். அந்தப் புட்டியிலும் அதே கோளாறு வரும்.

நெகிழும் பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையை அச்சிடும்போது கோளாறு மூன்று இடங்களில்தான் பிறக்கிறது: மைத்துளி வெளிவரும் நுண்துளையான நாசிலில், தாளின் மேற்பரப்பில், அச்சிட்ட கோட்டைச் சூடாக்கும் அடுப்பில். எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்வது, ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் டைமாட்டிக்ஸ் வகை மேசை பிரிண்டருக்குப் பொருந்தும். ஒரு கார்ட்ரிட்ஜில் 16 நாசில்கள், நாசிலுக்கு நாசில் 254 மைக்ரான் தூரம், ஒரு துளி சுமார் 10 பிகோலிட்டர். வேறு பியசோ பிரிண்டர் (மின்னழுத்தத்தால் வடிவம் மாறும் பொருளைக் கொண்டு துளியைத் தள்ளும் வகை) வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், வரிசை மாறாது.

ஒரு விதியை மட்டும் தயவுசெய்து மீறாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

அறிகுறி 1: துளியே விழவில்லை

எந்த நாசிலிலும் வரவில்லை என்றால்

கார்ட்ரிட்ஜில் மை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்பதற்கே கூச்சமாக இருக்கும் கேள்வி, ஆனால் பலமுறை விடை அங்கேதான் இருந்திருக்கிறது. அடுத்து, கார்ட்ரிட்ஜின் மின்தொடர்புத் தடங்களைப் பாருங்கள். அங்கே மை சிந்திக் காய்ந்திருந்தால், மையின் கரைப்பானில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டுப் பொருத்துங்கள். காய்ந்த வெள்ளி மையும் ஓரளவு மின்சாரம் கடத்தக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டும் சரி என்றால் காற்றுக்குமிழிதான் காரணமாக இருக்க வாய்ப்பு. மை நிரப்பியவுடன் அச்சிடத் தொடங்குபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நாசில் கீழ்நோக்கி இருக்கும்படி கார்ட்ரிட்ஜை அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். பிறகு ஐந்து நொடி அழுத்தம் கொடுத்து மையை வெளியே தள்ளும் சுத்திகரிப்புச் சுற்றை ஓடவிட்டு, துளி காட்டும் கேமராவில் பாருங்கள்.

அழுத்தம் கொடுக்கும்போதும் நாசில் தட்டில் மை கசியவே இல்லை என்றால், பிரிண்டரின் காற்றழுத்தக் குழாயில் கசிவு இருக்கலாம். வேறொரு கார்ட்ரிட்ஜில் வெறும் கரைப்பானை நிரப்பிச் சோதியுங்கள். கரைப்பானும் வரவில்லை என்றால் கோளாறு இயந்திரத்தில். மூடியைத் திருகாதீர்கள், பராமரிப்புப் பொறியாளரை அழையுங்கள். கரைப்பான் ஒழுங்காக வந்தால் இயந்திரத்தின் மேல் பழி இல்லை. மையையும் பழைய கார்ட்ரிட்ஜையும் பாருங்கள்.

சில நாசில்கள் மட்டும் வரவில்லை என்றால்

இங்கேதான் அதிகமான கார்ட்ரிட்ஜ்கள் உயிரை விடுகின்றன. அடைத்த நாசிலைத் திறக்க மின்னழுத்தத்தைக் கூட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை. எங்களிடம் ஒரு மாணவர் வழக்கமான 24 வோல்ட்டில் தொடங்கி 40 வரை ஏற்றிவிட்டார். அடைத்த நாசில் திறக்கவில்லை. பக்கத்து நாசில்கள் அளவுக்கு மீறிக் கக்கின. மை நாசில் தட்டு முழுவதும் பரவிக் காய்ந்தது. காலையில் மூன்று நாசில்கள் போயிருந்தன, மாலையில் பதினொன்று.

மின்னழுத்தத்தைத் தொடாமல் இந்த வரிசையில் போங்கள். சுத்திகரிப்புச் சுற்று ஒன்று ஓடவிடுங்கள். பலன் இல்லையென்றால் மை ஒற்றும் பஞ்சட்டையைப் பாருங்கள். அது ஊறிப்போய்க் காய்ந்த வெள்ளியோடு இருந்தால், ஒவ்வொரு சுத்திகரிப்பும் நாசிலில் அழுக்கைத் தடவிக்கொண்டிருக்கும். புது அட்டை மாற்றுங்கள். நான் பார்த்த ‘தீராத அடைப்பு’களில் பல இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்தன. அடுத்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கரைப்பானில் நனைத்த பஞ்சில்லாத துணியின் மேல் நாசில் தட்டைப் பத்து நிமிடம் வையுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. மை எந்தக் கரைப்பானில் இருக்கிறதோ அதையேதான் பயன்படுத்த வேண்டும். கைக்கு எட்டுகிறது என்று அசிட்டோனை எடுத்தால், துகள்களைப் பிரித்து வைத்திருக்கும் பூச்சு குலைந்து வெள்ளி திரண்டுவிடும். அப்புறம் எந்த மருந்தும் இல்லை.

இதற்கும் அசையவில்லை என்றால், நல்ல நாசில்கள் மூன்று நான்கு அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். பதினாறும் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சோதனைக்கும் இல்லை.

புதுக் கார்ட்ரிட்ஜும் அன்றே அடைத்தால்

இப்போதுதான் மையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குள்ளும் மலிவான காரணத்தில் தொடங்குங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறந்தீர்களா? குளிர்ந்த புட்டியைத் திறந்தால் அறைக்காற்றின் ஈரம் உள்ளே வியர்க்கும். நீர் சேரக் கூடாத மை என்றால் அந்தச் சில சொட்டுகளே துகள்களைத் திரளவைக்கப் போதும். மழைக்காலத்தில் இந்தக் கோளாறு கூடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மூடியோடு ஒரு மணி நேரம் அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். பிறகு மீயொலித் தொட்டியில் சில நிமிடம் வைத்து, 0.45 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டி வழியே நிரப்புங்கள். வடிகட்டி சில சொட்டுகளிலேயே அடைத்துக்கொண்டால் அந்த மை திரண்டுவிட்டது. வடிகட்டியை மாற்றி மாற்றித் தள்ளினால் வெள்ளி எல்லாம் வடிகட்டியில் தங்கும், கார்ட்ரிட்ஜுக்குப் போவது நீர்த்த மை. புட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு மை தயாரிப்பாளருக்கு எழுதும் கட்டம் இது.

கோட்டின் தொடக்கம் மட்டும் விட்டுப்போனால்

கோடு நடுவில் அழகாக இருக்கும், தொடக்கத்தில் அரை மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும். அச்சுத்தலை சும்மா இருந்த நேரத்தில் நாசில் வாயில் மை காய்கிறது. தலை ஒருமுறை ஓடி அச்சிடும் ஒவ்வொரு பட்டைக்கும் முன் சில துளிகளை ஓரமாக உமிழும்படி சுத்திகரிப்பு அட்டவணையை அமையுங்கள். அச்சு மேடையின் சூடு 50 டிகிரிக்கு மேல் இருந்தால் குறையுங்கள், அந்தச் சூடு மேலேறி நாசிலையும் உலர்த்துகிறது.

அறிகுறி 2: துளி விழுகிறது, ஆனால் கோணலாக அல்லது வாலோடு

கேமராவில் பார்க்கும்போது துளி நேராக இறங்க வேண்டும், வேகம் நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரை. ஒரே ஒரு நாசில் கோணல் என்றால் அதன் வாயோரத்தில் காய்ந்த மை ஒட்டியிருக்கிறது. மேலே சொன்ன ஊறவைத்தல் போதும். எல்லாமே கோணல் என்றால் நாசில் தட்டு நனைந்திருக்கிறது. மையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் வெற்றிட அளவைச் சற்றே கூட்டுங்கள், மின்னழுத்தத்தை இரண்டு வோல்ட் குறையுங்கள்.

முதன்மைத் துளிக்குப் பின்னால் வாலும் அது அறுந்து குட்டித்துளிகளும் தெரிந்தால் பதற வேண்டாம். தாளை அடையும் முன் வால் தலையோடு சேர்ந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி. தாள் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கிறது, அந்தத் தூரத்தில் கேமராவை நிறுத்திப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் தொடருங்கள். சேரவில்லை என்றால் மின்னழுத்தத்தைக் குறையுங்கள், பிறகே நாசிலுக்குப் போகும் மின்துடிப்பின் அலைவடிவத்தைத் தொடுங்கள். குட்டித்துளிகளை அலட்சியம் செய்தால், 100 மைக்ரான் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடும் நாளில் அவை பாலம் கட்டிவிடும்.

கேமராவில் நேராக இறங்கும் துளி, தாளில் மட்டும் சிதறி விழுகிறதா? அது நிலைமின்சாரம். பெட் (PET) என்ற பாலியெஸ்டர் தாளின் மேல் பாதுகாப்புப் படலத்தைச் சரக்கென்று உரித்த கையோடு அச்சிட்டால் இப்படி ஆகும். படலத்தை மெதுவாக உரித்து, அயனிக்காற்று ஊதி, அதன் பிறகு அச்சிடுங்கள். அயனி ஊதி இல்லாதவர்கள் ஐசோபுரப்பனால் தோய்த்த துணியால் துடைத்து, தரையிணைப்புள்ள உலோகத் தட்டில் சற்று நேரம் கிடத்துங்கள்.

நேர்க்கோடு இரண்டாகப் பிளந்தோ, ஓரம் ரம்பப் பல்லாகவோ வந்தால் பிழை நாசிலில் இல்லை. துளி இடைவெளியை மாற்றிவிட்டுத் தலையின் சாய்வுக் கோணத்தை மாற்ற மறந்திருக்கிறீர்கள். 20 மைக்ரான் இடைவெளிக்குக் கோணம் ஏறக்குறைய 4.5 டிகிரி.

தாளின் தடிமனைத் தவறாகப் பதிந்து தலை தாளில் உரசிவிட்டால், அச்சை நிறுத்திவிட்டு நாசில் தட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். கீறல் தெரிந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜ் முடிந்தது. தலையைத் தாங்கும் சட்டம் ஆடினால் பொறியாளர் வரும் வரை இயந்திரத்தை அணைத்து வையுங்கள்.

அறிகுறி 3: தாளில் மை ஒதுங்குகிறது, அல்லது அளவுக்கு மீறிப் பரவுகிறது

கோடு போட்ட சில நொடிகளில் மை அங்கங்கே குளமாகச் சேர்ந்து, இடையில் வெற்றிடம் விடுகிறது. தாளைத் திருப்பிப் பாருங்கள். பல பெட் தாள்களில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒட்டுப்பூச்சு இருக்கும், கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். தலைகீழாக வைத்த தாளோடு நான் ஒரு வாரம் போராடியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் பூச்சுப் பக்கத்திலும் மூலையைச் சிறிதாக வெட்டி அடையாளம் வைக்கிறேன். தெரியாத தாள் என்றால் இரு பக்கமும் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சொட்டு தட்டையாக அமர்கிறதோ அது பூச்சுப் பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பக்கம் சரி என்றால் அழுக்கு. கைரேகை ஒன்றே போதும். ஐசோபுரப்பனாலால் கழுவி, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிஇமைடு தாளுக்குப் பெரும்பாலும் இதற்கு மேலும் ஏதாவது வேண்டியிருக்கும், புற ஊதா ஓசோனோ பிளாஸ்மாவோ. அந்தப் பக்குவம் நிலைக்காது, மணிக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும். முந்தைய நாள் பக்குவப்படுத்தி டப்பாவில் வைத்த தாளை இன்று நம்பக் கூடாது. பக்குவப்படுத்திய அரை மணிக்குள் அச்சிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிளாஸ்மாவை நீட்டித்துவிட்டால் மை ஓடிப் பரவும், 60 மைக்ரான் கோடு 150 ஆகும். நேரத்தைப் பாதியாக்குங்கள். இங்கே தொழில்நுட்பரைத் தேட வேண்டியதில்லை. ஒரு தாளைப் பத்துத் துண்டாக நறுக்கி, பத்து வேறு நேரங்கள் கொடுத்து, ஒரு பிற்பகலில் விடையைக் கண்டுவிடலாம்.

அறிகுறி 4: கோடு இருக்கிறது, வடிவம் சரியில்லை

உருப்பெருக்கியில் பாருங்கள். மூன்று வடிவங்களில் ஒன்று தெரியும்.

அடுக்கிய நாணயங்கள் போல, தனித்தனித் துளிகள் தெரிந்தால்

துளி இடைவெளி அதிகம், அல்லது ஒரு துளி காய்ந்த பிறகே அடுத்தது விழுகிறது. முதலில் ஒரே ஒரு துளியைத் தனியாக வைத்து, காய்ந்த பிறகு அதன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அதில் பாதிதான் தொடக்க இடைவெளி. 50 மைக்ரான் பொட்டு என்றால் 25 மைக்ரான். மேடை சூடாக இருந்தால் குறையுங்கள்.

மலைப்பாம்பு இரை விழுங்கியது போல அங்கங்கே புடைத்தால்

இடைவெளி மிகக் குறைவு. மை காய்வதற்குள் கூடுதல் மை வந்து சேர்கிறது, கோடு அதை ஒரு பக்கமாகத் தள்ளிக் குளமாக்குகிறது. இடைவெளியை ஐந்து ஐந்து மைக்ரானாகக் கூட்டுங்கள். போதவில்லை என்றால் மேடையை 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள்.

ஓரம் தடித்து நடு மெலிந்தால்

காப்பிக் கோப்பை மேசையில் விட்ட வளையம் நினைவிருக்கிறதா, அதேதான். துகள்கள் எல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டன. பலரும் இதற்கு மேடையை இன்னும் சூடாக்குகிறார்கள், கோளாறு மோசமாகிறது. ஓரம் வேகமாகக் காய்வதால்தான் துகள்கள் அங்கே இழுக்கப்படுகின்றன. மேடையை அறைச்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

சிக்கல் புரிகிறதல்லவா? புடைப்புக்குச் சூடு மருந்து, வளையத்துக்குச் சூடு நஞ்சு. இரண்டுக்கும் இடையில் ஒரு குறுகிய வெப்பநிலை இருக்கும். அது ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு தாளுக்கும் வேறு. இடைவெளியைக் கிடையிலும் சூட்டை நெடுக்கிலும் வைத்து, ஐந்துக்கு ஐந்து கட்டம் அச்சிடுங்கள். இருபத்தைந்து குட்டிக் கோடுகள் ஒரு தாளில் அடங்கிவிடும். புதிய மை வந்தால் நான் முதலில் செய்வது இதைத்தான். அந்தக் கட்டத்தில் ஒரு நல்ல கோடுகூட இல்லை என்றால், கொதிநிலை கூடிய இணைக்கரைப்பான் தேவைப்படலாம். அதை மை தயாரிப்பாளரிடம் கேட்டே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகத் தடம் தெரிந்தால், அவை மேடையின் உறிஞ்சு துளைகள். மெல்லிய தாள் அந்தத் துளைகளின் மேல் குழிகிறது, சூடும் அங்கே வேறு. தாளை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஓரங்களில் ஒட்டி வையுங்கள். புது உயரத்தைப் பிரிண்டரில் பதியவும் வேண்டும்.

அறிகுறி 5: கோடு அழகாக இருக்கிறது, மின்சாரம் கடத்தவில்லை

முதலில் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கிடுங்கள். 10 மில்லிமீட்டர் நீளம், 100 மைக்ரான் அகலம் என்றால், அகலத்தையே பக்கமாகக் கொண்ட 100 சதுரங்கள் வரிசையாக நிற்பது போல. அரை மைக்ரான் தடிமனுள்ள திண்ம வெள்ளியாக இருந்தால் சதுரத்துக்கு 0.03 ஓம் அளவு, மொத்தம் 3 ஓம். அச்சிட்ட வெள்ளி அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு வரை வரும். ஆக 10 அல்லது 15 ஓம் வந்தால் உங்கள் அச்சு நன்றாகவே இருக்கிறது. அதைக் கோளாறு என்று நினைத்துக் கலங்கியவர்களும் உண்டு.

முடிவிலி காட்டினால்

கூர்முனை மல்டிமீட்டர் ஊசி மெல்லிய வெள்ளியைக் கிழித்துக்கொண்டு தாளைத் தொட்டிருக்கும். இரு முனையிலும் அகலமான திண்டு அச்சிட்டு, அதில் வெள்ளிப் பசை ஒரு பொட்டு வைத்து அளந்து பாருங்கள். அப்போதும் முடிவிலி என்றால் கோட்டைப் பாதியாக, பிறகு கால்பங்காகப் பிரித்து அளந்துகொண்டே போனால் அறுந்த இடம் கிடைக்கும்.

கிலோஓம் காட்டினால்

வெப்பம் போதவில்லை. துகள்களைச் சுற்றியிருக்கும் கரிமப் பூச்சு இன்னும் எரியவில்லை, துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டவில்லை. நிறத்தை நம்பாதீர்கள், வெந்து முடியாத வெள்ளியும் பளபளக்கும். ஹாட் பிளேட்டின் திரையில் 150 என்று இருந்தால் தாளின் மேல் 150 என்று பொருள் இல்லை. தாள் சுருண்டு தட்டை விட்டு எழும்பினால் 30 டிகிரி குறைந்திருந்தாலும் வியப்பில்லை. வெப்பமின்னிரட்டை (தெர்மோகப்பிள்) ஒன்றைத் தாளின் மேல் ஒட்டி அளந்து பாருங்கள். சூடு சரி என்றால் நேரத்தைக் கூட்டுங்கள், அரை மணியை ஒரு மணியாக்குங்கள்.

தாள் தாங்கவில்லை என்றால் அது வேறு முட்டுச்சந்து. பெட் தாளின் கண்ணாடி நிலைமாற்றம், அதாவது பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் சூடு, 75 டிகிரி அருகிலேயே வந்துவிடுகிறது, வெப்பம் தாங்கும்படி பக்குவப்படுத்திய வகையைக்கூட 150ஐத் தாண்டவைக்க நான் துணியமாட்டேன். பெட்டின் இனமான பென் (PEN) தாள் அதைவிட மேல். பாலிஇமைடு 300 டிகிரியிலும் அசையாது. உங்கள் மை 200 டிகிரி கேட்கிறது, தாளோ பெட் என்றால், எத்தனை இரவு விழித்தாலும் அந்தச் சேர்க்கை கூடாது. குறைந்த சூட்டில் வேகும் மை வாங்குங்கள், அல்லது மின்னல்போல் ஒளி பாய்ச்சி மையை மட்டும் சூடாக்கும் விளக்கு உள்ள மையத்துக்குத் தாளை அனுப்புங்கள்.

அறிகுறி 6: வெடிக்கிறது, உரிகிறது, வளைத்தால் அறுகிறது

அடுப்பிலிருந்து எடுத்ததும் சேற்று வயல் போல வெடித்திருந்தால், ஈரக் கோட்டை நேராகக் கொதிசூட்டில் வைத்துவிட்டீர்கள். முதலில் 60 முதல் 80 டிகிரியில் பத்து நிமிடம் உலரவிட்டு, பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். பல அடுக்கு அச்சிட்டால் ஒவ்வோர் அடுக்குக்கும் இடையிலும் உலர்த்துங்கள்.

வெடிப்பு இல்லை, ஆனால் ஒட்டுநாடாவோடு வந்துவிடுகிறது என்றால் அறிகுறி 3க்குத் திரும்புங்கள், காரணம் அழுக்குத் தாள்தான். வளைக்கும்போது மட்டும் தடை எகிறினால் உருளைகளில் சுற்றிச் சோதியுங்கள்: 20 மில்லிமீட்டர் ஆரம், பிறகு 10, பிறகு 5. வெள்ளியை உள்பக்கமாக வைத்தும் வெளிப்பக்கமாக வைத்தும் பாருங்கள். வெளிப்பக்கத்தில் மட்டும் அறுந்தால், அதே தடிமனுள்ள ஒரு தாளை மேலே ஒட்டி வெள்ளியை நடுவில் வையுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கோடு முழுதாக இருந்தும் மின்னணுப் பாகத்தைப் பொருத்திய இடத்தில் அறுந்தால், பற்றாசு (சால்டர்) வைத்தீர்களா? உருகிய வெள்ளீயம் அரை மைக்ரான் வெள்ளியைக் கரைத்து விழுங்கிவிடும். பார்க்கும்போதே திண்டு மறைந்துபோவதைக் காணலாம். கடத்தும் பசையோ, ஒரு திசையில் மட்டும் கடத்தும் ஒட்டுநாடாவோ பயன்படுத்துங்கள்.

அறிகுறி 7: அன்று வேலை செய்தது, சில வாரங்களில் கெட்டது

கோடு கறுத்திருந்தால் காற்றிலுள்ள கந்தகம். கொலுசு கறுப்பது போலத்தான், ஆனால் இங்கே கறுக்க மிச்சம் இருப்பது அரை மைக்ரான் மட்டுமே. ரப்பர் பட்டை போட்டுக் கட்டி வைக்காதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. மூடிய பையில் ஈரம் உறிஞ்சியோடு வையுங்கள்.

பக்கத்துக் கோடுகளுக்கிடையே தடை குறைந்துகொண்டே வந்தால் அது வெள்ளியின் இடப்பெயர்ச்சி. ஈரமும் ஒரே திசை (DC) மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளி அயனியாகி, எதிர்மின்முனையிலிருந்து செடிபோல வளர்ந்து பாலம் போடும். கடலோர ஊர்களில் திறந்தபடி வைத்த உணரிகளுக்கு இது உறுதியான ஆபத்து. இடைவெளியைக் கூட்டுங்கள், மேலே மின்காப்புப் பூச்சு இடுங்கள், முடிந்தால் அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

வெள்ளி அல்லாத மைகள்

செம்பு மையைத் திறந்த அடுப்பில் வைத்தால், சூடாகச் சூடாகத் தடை குறைவதற்குப் பதில் ஏறும். அது ஆக்சைடாகிவிட்டது. மந்த வாயு அடுப்போ ஒளிப்பாய்ச்சலோ இல்லாத ஆய்வகத்தில் செம்பு மைக்குள் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெடாட் போன்ற கடத்தும் பாலிமர் மைகள் பெரும்பாலும் நீரில் இருப்பவை, கூழ்க்கட்டிகள் நாசிலை அடைக்கும். நிரப்பும் அன்றே 0.45 மைக்ரானில் வடிகட்டுங்கள், அன்றைக்கே அச்சிட்டு முடியுங்கள்.

கழுவிய மையையும் வடிகட்டிகளையும் கழுவுதொட்டியில் போட வேண்டாம், வெள்ளி நீருயிர்களுக்கு நஞ்சு. தனிப் புட்டியில் பெயரெழுதிச் சேர்த்து, வேதிக்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.